மூன்றாவது பெடல்

என் வீட்டுக் காரில் இருந்த ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை நாலே நாளில் கழற்றிப் போட்டுவிட்டு மேனுவல் கியர்பாக்ஸ் மாட்டினேன். யாரையும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய ஆள் ஒரே ஒரு ஆள்தான், என் மனைவி. அவள் அப்போது ஊரில் இல்லை. போன் இருந்தது. போட்டிருக்கலாம். போடவில்லை.

இந்தக் கதையைச் சிரிப்புக் கதையாகச் சொல்லத்தான் எனக்குப் பழக்கம். இங்கே வளைகுடாவில் நாங்கள் ஆறு பேர் தங்கியிருக்கும் அறையில் ரெண்டு மூன்று தடவை அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். காரின் கம்ப்யூட்டரை மெக்கானிக் ஏமாற்றிய இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். அதோடு நிறுத்திவிடுவேன்.

எங்கள் தென்காசித் தெருவில் பாதி வீட்டு ஆண்கள் வளைகுடாவில் இருக்கிறோம். ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை, நாற்பத்தைந்து நாள் லீவு. அந்த நாற்பத்தைந்து நாளில் வீட்டில் எதையாவது இடிக்காமல் திரும்ப மாட்டோம். ஒருத்தன் அடுப்படியை உடைத்து வேறு மேடை கட்டுவான். ஒருத்தன் ஒழுங்காகத் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருக்கும் மோட்டாரைப் பிடுங்கிவிட்டு வேறு மோட்டார் இறக்குவான். எதிர் வீட்டுக்காரர் நன்றாக இருந்த வாசலைத் தெற்கிலிருந்து கிழக்குக்கு மாற்றினார். இருக்கிற கொஞ்ச நாளில் நானும் இந்த வீட்டு ஆள்தான் என்று காட்டிவிட வேண்டும் என்று ஒரு வெறி. அப்புறம் பெட்டியைக் கட்டிக்கொண்டு விமானம் ஏறிவிடுவோம். அந்த அடுப்படியில் சமைக்க வேண்டியவளும், மோட்டார் போடும்போது ஷாக் அடிக்கிறதா என்று பார்க்க வேண்டியவளும் வீட்டிலேயே இருப்பாள்.

அந்தக் காரையும் அப்படி ஒரு லீவில்தான் வாங்கினேன். பழைய சின்னக் கார். ஒரு டாக்டர் வைத்திருந்தது. ஆட்டோமேட்டிக் என்பதால் எங்கள் ஊரில் ஒருத்தரும் சீண்டவில்லை. கெட்டுப்போனால் பார்க்க ஆள் கிடையாது என்று பயம். விலை இறங்கி இறங்கி என் கைக்கு எட்டியது. வாங்கினேன். உண்மை இவ்வளவுதான்.

வீட்டில் வந்து சொன்னது வேறு.

"உனக்காகத்தாம்ட்டி வாங்குனேன். இதுல கிளட்ச் கெடையாது. இடது காலுக்கு வேலையே இல்ல. உன் முட்டி நோவாது."

வாயில் வந்ததைச் சொன்னேன். சொன்னதும் எனக்கே அது நல்ல யோசனையாகப் பட்டது. கல்யாணமான மறு வருஷம் குற்றாலச் சீசனில் அவள் ஐந்தருவிப் பக்கம் பாசி பிடித்த படியில் வழுக்கி விழுந்து இடது முழங்காலை உடைத்துக்கொண்டாள். நான் அப்போது இங்கே இருந்தேன். திருநெல்வேலியில் ஆபரேஷன் நடந்ததையும் போனில்தான் கேட்டேன். அதன் பிறகு அந்த முட்டி முழுசாக மடங்குவதில்லை. தொழுகையை நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழுவாள். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியும் என்றால், ஒரு செய்தி தெரிகிற மாதிரி தெரியும். வீடியோ காலில் முகம்தான் வரும். கால் வராது.

அவள் நான் சொன்னதை அப்படியே நம்பினாள். அடுத்த மாதமே டிரைவிங் பழகி, லைசென்ஸ் எடுத்து, எனக்குப் போட்டோ அனுப்பினாள். மகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவதாகவும் கடை கண்ணிக்குப் போவதாகவும் சொன்னாள். "ஊருக்குள்ள மட்டும் ஓட்டு. மெயின் ரோட்டுப் பக்கம் போயிராத" என்றேன். "சரி மச்சான்" என்றாள். அதற்குமேல் நான் எதுவும் கேட்டதில்லை. கார் பாட்டுக்கு வாசலில் நிற்கிறது என்றுதான் என் நினைப்பு.

போன தடவை லீவில் வந்தபோது சீசன் உச்சத்தில் இருந்தது. சாரல் விடாமல் தெறித்துக்கொண்டிருந்தது. குற்றாலத்துக்குப் பக்கத்தில் வீடு இருக்கிறவனுக்கு சீசனில் வேறு வேலை கிடையாது. மதுரையிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து இறங்குவார்கள். மெயின் அருவிக்குக் கூட்டிப்போக வேண்டும், பழைய குற்றாலத்துக்குக் கூட்டிப்போக வேண்டும், தலை ஈரம் காயுமுன் கேரள பார்டர் கடைக்குப் போய்ப் பரோட்டா வாங்கித்தர வேண்டும். நாலு பேர் உட்காரும் காரில் சின்னதும் பெரிசுமாக எட்டுப் பேரை அடைத்துக்கொண்டு ஐந்தருவி ஏற்றத்தில் போனேன். ஏகப்பட்ட டிராபிக். கார் பின்னால் உருளாமல் இருக்க, புத்தி உள்ளவன் பிரேக் பிடிப்பான். நான் ஆக்ஸிலரேட்டரை மிதித்தே மேட்டில் நிறுத்திக்கொண்டிருந்தேன், அரை மணி நேரம். அதுதான் கெத்தாம். எண்ணெய் தீய்ந்த வாடை வந்தது. மாமி ஒருத்தி, "பக்கத்துல எங்கயோ வடை சுடுதாக" என்றாள். எல்லோரும் சிரித்தோம்.

மறுநாள் மிதித்தால் இன்ஜின் உறுமியது, வண்டி நகரவில்லை. கெடுத்தவன் நான்தான். அதையும் எழுதிவிடுகிறேன்.

டீக்கடையில் கூட்டாளிகள் பிடித்துக்கொண்டார்கள். "என்னடே, ரெண்டே பெடல் வச்ச வண்டிய வச்சிக்கிட்டு? அது பொம்பளையாளு ஓட்டுத வண்டிடே. உனக்கு ஒரு காலு என்ன சும்மா தொங்குதா?" சிரித்துக்கொண்டே டீயைக் குடித்தேன். உள்ளே சுருக்கென்றது. இங்கே காலை முதல் சாயங்காலம் வரை நான் ஓட்டுவது ஆட்டோமேட்டிக் பிக்கப்தான். யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஊர் எல்லையில் கால் வைத்ததும் எங்கிருந்துதான் வருமோ இந்த ரோஷம்.

மனைவி அந்த நேரம் மகளைக் கூட்டிக்கொண்டு சுரண்டையில் அவள் தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். அவள் அண்ணன் மகனுக்கு சுன்னத் வைபவம். நான் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு செங்கோட்டை ரோட்டில் இருக்கும் ஒர்க் ஷாப்புக்குப் போனேன். அந்த மெக்கானிக் அண்ணாச்சிதான் நாங்கள் வாங்கின நாளிலிருந்து அந்தக் காரைப் பார்க்கிறார். கியர்பாக்ஸ் எண்ணெயை விரலில் தொட்டு மோந்தார். கறுப்பாக இருந்தது.

"வெந்து போச்சு பாய். கோயமுத்தூருக்கு அனுப்பணும். தெறந்து பாத்து, சாமான் வந்து, மாட்டி வர ஒரு மாசம் ஆயிரும்."

"எனக்கு லீவே இருபது நாள்தான் இருக்கு அண்ணாச்சி. நான் போறதுக்குள்ள ஓடணும்."

"அப்பம் ஒண்ணு செய்யலாம். இதே மாடல் மேனுவல் வண்டி ஒண்ணு திருநெல்வேலில ஒடைக்கதுக்கு நிக்கி. அந்தக் கியர்பாக்ஸ், கிளட்ச், பெடல், எல்லாத்தையும் தூக்கிட்டு வந்து மாட்டிரலாம். நாலு நாள்." சொல்லிவிட்டுத் துணியில் கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே கேட்டார்: "வீட்டுல அவிய ஓட்டுவாவளே? அவியளுக்கு ஒத்து வருமா?"

கேட்டார். அந்த மனுஷன் கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"அவ எங்கன அண்ணாச்சி ஓட்டுதா? கத்திரிக்கா வாங்கப் போவா. நீங்க மாட்டுங்க."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். அவருக்கு ஏதோ தெரிந்திருந்தது. இந்த ரெண்டு வருஷமும் எண்ணெய் மாற்றவும் டயர் மாற்றவும் காரைக் கொண்டுவந்து விட்டவள் அவள்தானே.

அந்த நாலு நாளும் நான் ஒர்க் ஷாப்பிலேயே கிடந்தேன். சும்மா சொல்லக்கூடாது, சந்தோஷமாக இருந்தது. பழைய கியர் பெட்டியைச் சங்கிலி போட்டு இறக்கினோம். தூக்க நாலு ஆள் வேண்டியிருந்தது. புதுப் பெட்டி பாதி கனம்தான். டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு, இருந்த ரெண்டு பெடலைக் கழற்றி மூன்று பெடல் உள்ள செட்டை மாட்டினோம். பிரேக் பெடல் முன்பு அகலமாக இருந்தது, இப்போது சின்னதாகிவிட்டது. எல்லாம் மாட்டிச் சாவியைத் திருகினால் ஸ்டார்ட் ஆகவில்லை. லிவர் பார்க்கிங்கில் இருந்தால்தான் ஸ்டார்ட் ஆகும் என்று அதன் கம்ப்யூட்டரில் எழுதியிருக்கிறது. பார்க்கிங் என்ற இடமே இப்போது கிடையாது. அண்ணாச்சி ரெண்டு ஒயரைத் தேடிப் பிடித்து முறுக்கிச் சேர்த்தார். "இனி அது சாவுத வரைக்கும் பார்க்கிங்லதான் நிக்கோம்னு நெனச்சிட்டுக் கெடக்கும் பாய்" என்றார். சிரிப்புக் கதை இந்த இடத்தில்தான் முடியும்.

அன்றைக்குச் சாயங்காலமே காரைக் கழுவி, சீட்டுக்குப் புது உறை போட்டு, சுரண்டைக்குப் போனேன். வழியெல்லாம் கியரை மாற்றி மாற்றி ஓட்டினேன். மூன்றாவதில் போக வேண்டிய இடத்தில் ரெண்டாவதில் போட்டு இரைய விட்டேன்.

அவள் தாய் வீட்டில் விருந்துக் கூட்டம் இன்னும் கலையவில்லை. கிளம்பும்போது எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள். அவளுடைய மதினி அவள் முதுகில் தட்டினாள். "ஏட்டி, பெருசா கார் ஓட்டுதேன் ஓட்டுதேன்னு போன்ல பீத்துவியே. இன்னைக்கு நீ ஓட்டு, நாங்க பாக்கோம்." எல்லோரும் கை தட்டினார்கள். அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அந்தச் சிரிப்பை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. "மச்சான், சாவியத் தாங்க. நீங்க பக்கத்துல உக்காருங்க."

சாவியை நீட்டினேன். அவள் டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, சேலையை ஒதுக்கி, இடது காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்து உட்கார்ந்தாள். சீட்டை முன்னால் இழுத்தாள். கண்ணாடியைத் திருத்தினாள். பிறகு கீழே பார்த்தாள். கியர் லிவரைப் பார்த்தாள். மறுபடி கீழே பார்த்தாள்.

அவள் மதினி, "என்னட்டி, சாவி போட மறந்துட்டியா?" என்று கேட்டாள்.

அவள் காலைத் தூக்கி வெளியே வைத்து இறங்கினாள். "பொழுது எறங்குத வெயில் கண்ணுல அடிக்கி மைனி. இன்னொரு நாள் ஓட்டிக் காட்டுதேன்." கார் கிழக்கே பார்த்து நின்றது. வெயில் எங்கள் முதுகில்தான் அடித்துக்கொண்டிருந்தது. அவர்களில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. அவள் சுற்றி வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். என் மானத்தை வாசலில் நின்ற அத்தனை பேருக்கு முன்னால் அவள் காப்பாற்றினாள். நான் கியரைப் போட்டு வண்டியை எடுத்தேன்.

ரொம்ப தூரம் நான்தான் பேசினேன். கோயமுத்தூர், ஒரு மாசம், லீவு, உடைக்கிற வண்டி, எல்லாம் சொன்னேன். மகள் பின்னால் தூங்கிப்போனாள். மனைவி கேட்டது ஒன்றே ஒன்று.

"பழைய பெட்டி எங்கன மச்சான்?"

"இரும்புக்காரன்ட்ட போட்டாச்சு."

கோபம் இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவள் போல், "எனக்காகத்தான் வாங்குனேன்னு சொன்னீயளே" என்றாள்.

எதிரே பஸ் வந்தது, அதற்கு வழி விட்டேன்.

மறுநாள் எனக்கு இன்னொரு புத்தி தோன்றியது. கிளட்ச் என்ன பெரிய வித்தையா, நானே பழக்கிவிடுகிறேன் என்று இலஞ்சிப் பக்கம் ஆள் இல்லாத ரோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வர மாட்டேன் என்று அவள் சொல்லவில்லை. முதல் தடவை இன்ஜின் அணைந்தது. ரெண்டாவது தடவை குதித்து அணைந்தது. முட்டி மடங்காததால் கிளட்சை அமுக்க அவள் இடுப்போடு சேர்த்து முன்னால் தள்ள வேண்டியிருந்தது. அமுக்குவது கூடப் பரவாயில்லை. மெதுவாக விட வேண்டுமே, அதற்குத்தான் அந்தக் கால் கேட்கவில்லை. சட்டென்று விட்டுவிடும். ஏழெட்டு தடவை பார்த்தேன். எனக்குப் பொறுமை பத்தாது, அது ஊருக்கே தெரியும்.

"அரை கிளட்ச்சுல நிறுத்து! அரைல, அரைல! ஏட்டி, கால்ல என்ன கேடு உனக்கு? அமுக்கித்தான் தொலையேன்!"

சொன்னேன். இந்த வாயால்தான் சொன்னேன்.

அவள் ரெண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு, "கால் வர மாட்டேங்கு மச்சான்" என்றாள். அன்றைக்கு ராத்திரி தொழுகைக்கு உட்கார்ந்தபோது முட்டி வீங்கியிருந்ததைப் பார்த்தேன். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி மகள்தான் வைத்துவிட்டாள். மகளுக்கு அந்தப் பழக்கம் இருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

விடிந்ததும் ஒர்க் ஷாப்புக்கு ஓடினேன். "அண்ணாச்சி, அந்தப் பெட்டி? அத எப்படியாவது..." அவர் வெளியே கை காட்டினார். எண்ணெய்க் கறை மட்டும் தரையில் இருந்தது. இரும்பு லாரி முந்தாநாளே போய்விட்டது. வேறு பெட்டி தேடச் சொன்னேன். நாலு ஊருக்குப் போன் போட்டார். இந்த மாடலில் ஆட்டோமேட்டிக்கே நாலைந்து பேர்தான் வாங்கியிருப்பார்கள், கிடைத்தால் சொல்கிறேன் என்றார். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு, "நான் இன்னொரு வாட்டி கேட்டிருக்கணும் பாய்" என்றார். அவர் எதற்கு அதைச் சொல்ல வேண்டும்? அவர் ஒரு தடவை கேட்டதே எனக்கு அதிகம்.

அந்த லீவில் மிச்சமிருந்த நாட்களில் அவள் மகளை ஆட்டோவில் பள்ளிக்கு அனுப்பினாள். கார் வாசலில் நின்றது. நான் நினைத்துக்கொண்டிருந்தபடியே நின்றது.

நான் கிளம்பும் நாள் வந்தது. விமானம் திருவனந்தபுரத்தில் மத்தியானம். காலை ஆறரைக்கே புறப்பட்டோம். என் தம்பி ஓட்டினான். நான் முன்னால். அவளும் மகளும் பின்னால், என் பெட்டி ஒன்றும் அவர்கள் நடுவில். செங்கோட்டை தாண்டி, புளியரை தாண்டி, மலை ஏறத் தொடங்கியதும் மழை பிடித்தது.

"தம்பி, இந்த வளைவுல லாரிக்காரன் நம்ம பக்கம் ஏறித்தான் வருவான். ஆரன அடிச்சிட்டே திரும்புங்க" என்றாள் அவள் பின்னாலிருந்து.

தம்பி ஆரனை அடித்தான். லாரி நம் பக்கம் ஏறித்தான் வந்தது.

"இது முடிஞ்சதும் இடது பக்கம் ரோடு உள்வாங்கிக் கெடக்கும். நடுவுல வாங்க." உள்வாங்கித்தான் கிடந்தது. "இந்தப் பாறைக்கு அடியில தண்ணி ரோட்டுல ஓடும், பிரேக் பிடிக்காதீங்க." தண்ணீர் ஓடியது. தம்பி கண்ணாடியில் அவளைப் பார்த்தான். "மைனி, நான் மாசம் ஒருக்க இந்த ரோட்டுல போறவன். எனக்கே தெரியாது. ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

மகள் முந்திக்கொண்டாள். "உம்மாதான் ஓட்டுவாவளே! ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வருவோம். வாப்பாட்ட சொல்லக்கூடாதுன்னு..."

"ஏட்டி, சும்மா இரி" என்றாள் அவள்.

"வாப்பாவ ஏர்போர்ட்டுக்கு உம்மாவே ஓட்டிட்டுப் போறதுக்குப் பழகுனாவ சாச்சா. வாப்பாக்குத் தெரியாம. திடீர்னு சொல்லணும்னு."

ஒவ்வொரு லீவு முடிவிலும் என்னை வழியனுப்ப யாரையாவது கெஞ்சி, வாடகைக் கார் பிடித்து, அந்தக் காரில் பின்னால் ஒடுங்கி உட்கார்ந்து அழுதுகொண்டே வருவாள். இந்தத் தடவை தானே கொண்டு போய் விட வேண்டும் என்று, மடங்காத முட்டியோடு, வாரா வாரம் இந்த மலையை ஏறி இறங்கிப் பழகியிருக்கிறாள். நான் கத்திரிக்காய் என்று சொன்னேன்.

அவள் விடாமல் வழி சொல்லிக்கொண்டே வந்தாள். ஆரியங்காவு தாண்டியது. அதற்குப் பிறகு அவள் பேச்சு நின்றுவிட்டது. ஒரு வளைவு போனது, ரெண்டு வளைவு போனது. கழுத்துருட்டியில் பாலம் தெரிந்தது. அழுகிறாளோ என்று நினைத்து, திரும்பாமலே கேட்டேன்.

"என்ன, பேச்சக் காணும்?"

"ஆரியங்காவு வரைக்கும்தான் நான் ஓட்டிருக்கேன் மச்சான். மிச்ச ரோட்ட உங்கள வச்சு ஓட்டணும்னு விட்டு வச்சிருந்தேன்."

'என்னை மன்னிச்சிரு' என்று சொல்ல வாய் வரை வந்தது. பக்கத்தில் தம்பி இருந்தான். அவன் முன்னால் எப்படிச் சொல்வது என்று இருந்துவிட்டேன். ஏர்போர்ட்டில் கூட்டமாக இருந்தது, அங்கேயும் சொல்லவில்லை. இங்கே வந்து தினமும் போனில் பேசுகிறோம். இன்னும் சொல்லவில்லை.